பந்தல் கால் நகர்ந்த தெரு

தேனியில் எங்கள் கடைத்தெருவில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிடுவேன். வாய்ச்சவடால் இல்லை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, எதிரே வருவது ஆளா ஆட்டோவா என்று தெரியாத நிலையில் அனுப்பிவைத்த ஒரு மத்தியானம், மதுரை ரோட்டில் இறங்கி என் அலுவலக வாசல் வரைக்கும் ஒரு கடைப் படியிலும் இடிக்காமல் வந்து சேர்ந்தேன். கூட வந்த என் வீட்டுக்காரர்தான் இரண்டு இடத்தில் இடித்துக்கொண்டார். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, நகராட்சியில் உரிமம் வாங்கி, இந்தத் தெருவிலேயே ஓர் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்தேன். முப்பது வருடம் ஓடிவிட்டது. வந்த புதிதில், பொம்பளை வந்து அளக்கிறதா என்று முகத்தைச் சுளித்தவர்கள் உண்டு. இப்போது அதே ஆட்கள் என்னைக் கேட்காமல் ஒரு செங்கல்லை நகர்த்த மாட்டார்கள். டேப் அக்கா என்றால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே வழி காட்டுவார்கள். என் வீட்டுக்காரர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து டேப்பின் பூஜ்ஜிய முனையைப் பிடிக்கிற வேலை அவருக்கு. "ரைட்" என்று அவர் குரல் கொடுத்தால் முனை சுவரில் சரியாகப் படிந்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் நான் அளவைப் படிப்பேன்.

தெருவின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வழி தெரியாமல் யாராவது நின்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மதுரை ரோடு, பெரியகுளம் ரோடு, கம்பம் ரோடு மூன்றும் சேருகிற முக்குதான் ஊருக்கு நடு. அங்கிருந்து மதுரை ரோட்டில் கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வலது கைப்பக்கம் பிரிவது எங்கள் தெரு. தெற்கே போய்க் கோயில் மதிலில் முட்டி நிற்கும். பார்க்கிறவர்கள் நேர்த்தெரு என்று நினைப்பார்கள். கிடையாது. பாதி தூரத்தில் லேசாக ஒடிந்து திரும்புகிறது. கண்ணுக்குத் தெரியாது, நூல் பிடித்தால் தெரியும். இதை ஒரு நகைக்கடைக்காரர் நம்பவே இல்லை. அவர் கடை வாசலிலிருந்து நூலைக் கட்டி இழுத்துக் காட்டிய பிறகுதான் வாயை மூடினார்.

தெருவாயில் ஜவுளியும் நகையும். அடுத்து எவர்சில்வர் பாத்திரம், பள்ளிக்கூடச் சீருடை, கல்யாணப் பத்திரிகை. ஒடிவு தாண்டியதும் தெருவின் முகமே வேறு. உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர்க் குழாய், மோட்டார் பம்ப்செட். மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ரப்பர் பூட்ஸ், கம்பளித் தொப்பி, அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரைக்கும் மாட்டிக்கொள்கிற துணியுறை. இந்தப் பகுதிக் கடைக்காரர்கள் மலையாளத்தில் நலம் விசாரித்து, தமிழில் விலை சொல்வார்கள். கோயிலை நெருங்கும்போது பூ, தேங்காய், பித்தளை விளக்கு என்று தெரு பக்தியாக முடியும்.

தெரு வடக்குத் தெற்காகக் கிடப்பதால் காலையில் மேற்கு வரிசைக் கடைகளுக்கு முகத்தில் வெயில் அடிக்கும். சாயங்காலம் கிழக்கு வரிசைக்கு. விவரமான பெண்கள் நிழல் பார்த்துத்தான் கடை ஏறுவார்கள். நான் வெயில் பார்த்து ஏறுவேன். முகத்தில் வெயில் அடிக்கிற கடைக்காரர் பேரத்துக்குச் சீக்கிரம் படிவார்.

என் அறை மேற்கு வரிசையில், ஒடிவுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடைகள் முன்னால் வந்து நிற்க, என் அறை மட்டும் நாலடி பின்தங்கி, பல் விழுந்த ஈறு மாதிரி உள்ளே இருக்கும். கட்டடத்துக்காரர் திருப்பூரில் இருந்தார். ஊர்ப்பக்கம் வருவதே இல்லை. முன்னால் நாலடியைச் சும்மா விட்டு வைத்திருக்கிறாரே, விவரமில்லாத மனிதர் என்று அந்த நாலடியில் என் ஸ்கூட்டரை நிறுத்தும்போதெல்லாம் நினைப்பேன். முப்பது வருடம் அப்படித்தான் நினைத்தேன். ஊரையெல்லாம் அளந்தவள் என் வாசலை அளந்து பார்க்கவில்லை.

இந்தத் தெருவுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்துக்கொண்டு நடந்து போகிறவர்கள் எங்கள் தெரு வழியாகவும் போவார்கள். அவர்களுக்குக் கால் சுடக் கூடாது என்று கடைக்காரர்கள் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, தண்ணீர் தெளித்து, பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். பந்தல் கால் ஊன்றுவதற்கென்றே பழைய கடைக்காரர்கள், நடுவில் குழி வெட்டிய கருங்கல்லைக் கடைக்கொன்றாக எல்லையில் பதித்து வைத்திருந்தார்கள். குழிக்கல் என்று பேர். கல்லுக்கு உள்ளே கடை, கல்லுக்கு வெளியே தெரு. பந்தல் கால் எங்கேயோ அங்கேதான் எல்லை என்பது பத்திரத்தில் எழுதாத, ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்ட சட்டம்.

திருவிழா முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்துவிட வேண்டும். ஒரு வருடம் யாரோ ஒருவர், வெயில் தணியட்டும் என்று ஆனி வரைக்கும் விட்டுவைத்திருக்கிறார். நிழல் சும்மா கிடக்கிறதே என்று நாலு மூட்டையை இறக்கியிருக்கிறார். அடுத்த வருடம் கீற்றுக்குப் பதில் தகரம். தகரத்தை யார் பிரிப்பார்கள்? அப்புறம் தகரத்துக்குக் கீழே அரைச்சுவர், அரைச்சுவருக்கு மேலே தளம், தளத்துக்கு ஷட்டர். மறு சித்திரையில் ஷட்டருக்கு முன்னால் புதுப்பந்தல். குழிக்கல் கடைக்குள்ளே போய்விட்டதால் எண்ணெய் டின்னில் சிமெண்டைக் கொட்டி அதில் கால் நட்டார்கள். பந்தல் கால் இருக்கிற இடம்தானே எல்லை? சட்டத்தை யாரும் மீறவில்லை, காலை மட்டும் நகர்த்திக்கொண்டார்கள். சாமி காரியத்துக்கு ஊன்றிய கால் என்பதால் ஒருத்தருக்கும் இது தப்பாகவே தோன்றவில்லை. பக்கத்துக் கடைக்காரர் முன்னால் வந்துவிட்டால் நம் கடை தெருவில் தெரியாதே என்று அடுத்தவரும் வந்தார். இப்படித்தான் இரண்டு வரிசையும் முன்னேறியது.

இதையெல்லாம் இப்போது மணிமணியாகச் சொல்கிறேன். அப்போது எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. குழிக்கல் என்று ஒன்று இருந்ததாகக் காதில் விழுந்திருந்தது, கண்ணால் பார்த்ததில்லை. தெரு என்றைக்கும் இந்த அகலம்தான் என்று யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடத் தயாராக இருந்தேன்.

ஒடிவு தாண்டி, கிழக்கு வரிசையில் ஒரு பம்ப்செட் கடை. அந்தக் கடைக்கு நான் வந்த புதிதில் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடைக்காரர்தான் இன்றைக்கு வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். அவர் கடை முகப்பில் நாலடி ஆழத்துக்கு ஓர் இடம். அதில் ஒரு பெண் உட்கார்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர்களைப் பழுதுபார்ப்பாள். கம்பம் பக்கத்து வேதக்கார ஊரிலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, சட்டைக்குள்ளே ஜெபமாலை, கையில் எப்போதும் மண்ணெண்ணெய்த் துணி. அப்பாவின் திராட்சைத் தோட்டத்தில் ஓயாமல் கெட்டுப்போகிற ஸ்பிரேயரைத் தானே கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்ட தொழில். கல்யாணமாகி, புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தத் தொழில்தான் அவளையும் மகளையும் காப்பாற்றியது.

அவள் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். மருந்து பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஊசிமுனை ஓட்டைக்குள் வெளிச்சம் வருகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். அடைப்பு எடுக்க வாயால் ஊதுகிற விவசாயிகளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். "மருந்தடிச்ச நாசில வாயில வச்சு ஊதுறியளே, வீட்டுல புள்ளகுட்டி இருக்கா இல்லையா?" என்பாள். கோம்பையிலிருந்தும் தேவதானப்பட்டியிலிருந்தும் முதுகில் டேங்கோடு பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. பாதிப் பேருக்கு அவள் பெயர்கூடத் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. பம்ப்செட் கடை வாசலில் ஒரு பொம்பளை இருக்காக என்பது மட்டும் தெரியும். அந்த நாலடி இடம்தான் அவளுக்குப் பெயர்ப்பலகை, விலாசம், எல்லாம்.

கோயில் பக்கத்தில் ஒரு கடையில் தீப்பிடித்தபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. சரக்கு இறக்க இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றதில், தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைய முடியாமல் வாயிலேயே நின்றுவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சரக்கு முழுக்கப் போயிற்று. கொஞ்ச நாளில் நகராட்சியிலிருந்து எல்லாருக்கும் நோட்டீஸ் வந்தது. தெருவைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் வடிகால் கட்டப் போகிறோம், இன்ன நாளில் சர்வேயர் வருவார், அவர் முன்னால் எல்லை குறிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

அரசாங்க வரைபடத்தில் தெருவின் அகலம் முப்பத்திரண்டு அடி. இப்போது இருப்பது இருபத்துநாலு. ஆனால் முப்பத்திரண்டு அடியை எங்கிருந்து எதுவரைக்கும் அளப்பது என்று காட்டத் தரையில் ஒரு கல்லும் இல்லை. கல் இல்லாவிட்டால் வரைபடமே தப்பு என்று கோர்ட்டுக்குப் போகலாம், போனால் வருடக்கணக்கில் இழுக்கலாம் என்பது சங்கத்தின் யோசனை. தலைவர் என்னைத் தேடி வந்தார்.

"மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இப்ப ஷட்டர் இருக்கிற எடந்தான் எல்லைன்னு நீங்க போட்ட பிளான்லயே இருக்கு. நீங்க சொன்னா ஆபீஸ்ல எதுத்துப் பேச மாட்டாக."

"அதுக்கென்ன, அளந்து காட்டிருவோம்" என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். கடைக்காரர்களின் பத்திர நகல்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவர் கடையிலிருந்தே ஆரம்பித்தோம். பின்சுவர் கோயில் நந்தவனத்துச் சுவரோடு ஒட்டியது, அசையாதது. அங்கே என் வீட்டுக்காரர் முனையைப் பிடித்துக்கொண்டு "ரைட்" என்றார். ஷட்டர் வரைக்கும் இழுத்தேன். நாற்பது அடி. பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தேன். முப்பத்தாறு.

"ஏங்க, ஒழுங்காப் பிடிங்க."

"ஒழுங்காத்தான் பிடிச்சிருக்கேன். செவுத்த நானா நகத்துனேன்?"

மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் நாற்பது. என் பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் நாற்பது என்று என் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சித்திரை மாதம். வாசலில் பந்தல் போட்டிருந்தது. எல்லை எது என்று கேட்டதற்குப் பந்தல் காலைக் காட்டினார்கள். நானும் பின்சுவரிலிருந்து பந்தல் கால் வரைக்கும் இழுத்து எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். பத்திரத்தைக் கேட்கவே இல்லை. படித்த படிப்பெல்லாம் ஒரு பந்தல் காலுக்கு முன்னால் பறந்துவிட்டது.

முகப்புக்கு வந்தேன். ஸ்பிரேயரும் கையுமாக அவள் வழக்கம்போல வேலையில் இருந்தாள். தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கிற ஒரு தடித்த இரும்புக் குழாயில் கிளாம்ப் போட்டு, அதில் டேங்கை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குழாயை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எதில் நிற்கிறது என்று பார்த்தேன்.

"இந்தக் குழாய எப்படி ஊனுன?"

"ஊனவே இல்லக்கா. கல்லுலயே குழி இருக்கு. நான் இங்கன வந்தப்பவே இருந்துச்சு. நம்ம தொழிலுக்குன்னே யாரோ வெட்டி வச்சாப்புல இருக்குல்ல?" என்று சிரித்துக்கொண்டே குழாயை உருவிக் காட்டினாள்.

கிரீசும் அழுக்கும் அப்பிய கருங்கல். நடுவில் வட்டமான குழி. பின்சுவரிலிருந்து அதுவரைக்கும் டேப்பை இழுத்தேன். முப்பத்தாறு அடி.

தெரு முழுக்க எல்லாரும் இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்த கல் அது. மற்ற கடைகளில் தளம் போட்டு, டைல்ஸ் ஒட்டி மூடியாகிவிட்டது. முகப்புத் தரைக்குச் செலவழிக்காமல் அப்படியே விட்டிருந்தது இந்தக் கடை ஒன்றில்தான். ஒரு கல் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துத் தெருவின் இரண்டு வரிசையையும் குறித்துவிடலாம். கடைக்காரர்களுக்கு நாலடி போனால் கண்ணாடிப் பெட்டி போகும், இரண்டு ஸ்டூல் போகும். அவளுக்கு மொத்தமும் போய்விடும்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது, முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த டேப்பைப் பார்த்தாள். பிறகு குழாயைத் திரும்ப நட்டு, ஒரு பழைய சாக்கை எடுத்துக் கல்லின் மேல் போட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"சொல்லப் போறியா?"

"தெரியல."

"தெரியலன்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லையே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாளும் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. தீயணைப்பு வண்டி தெருவாயில் நின்ற காட்சி ஒரு பக்கம். நானே பார்த்தேன், கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டு ஓடியதை. மறுபக்கம் அந்த நாலடி. என் வேலையில் ஒருநாளும் அளவைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை என்ற கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தைக் காப்பாற்ற அடுத்தவள் பிழைப்பைப் பிடுங்குவதா என்று ஒரு கோபம். யார் மேல் கோபம் என்று தெரியாமல் வீட்டில் பாத்திரத்தை உருட்டினேன். அவள் கடைப்பக்கம் போகாமல் ஒடிவுக்கு இந்தப் பக்கமே நடமாடினேன். சங்கத் தலைவருக்கு, அளவு இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு நகராட்சி அதிகாரியும் சர்வேயரும் வந்தார்கள். கடைக்காரர்கள் எல்லாரும் பம்ப்செட் கடை முன்னால் கூடிவிட்டார்கள். சர்வேயர் சின்ன வயசுக்காரர். கையில் லேசர் கருவி, பொத்தானை அமுக்கினால் அளவு வந்துவிடும். ஆனால் அதற்கும் எங்கிருந்து என்று யாராவது சொல்ல வேண்டுமே.

"எல்லைக் கல் ஏதாவது இருக்கா?" என்று அதிகாரி கேட்டார்.

"கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். நாங்க வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து இதுதான் எல்லை. வேணும்னா மேடத்தக் கேளுங்க. முப்பது வருசமா இந்தத் தெருவ அளக்குறாக. அவுக சொன்னாச் சரியா இருக்கும்" என்று தலைவர் என்னை முன்னால் நிறுத்தினார்.

எல்லார் கண்ணும் என் மேல். நான் இரண்டடி முன்னால் வந்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஊரில் எத்தனை பஞ்சாயத்தில் பேசியிருக்கிறேன், ஆம்பளைகள் கூட்டத்தில் கையை நீட்டிப் பேசியிருக்கிறேன்.

என் பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அவள் கிளாம்ப்பைக் கழற்றி டேங்கை இறக்கி வைத்துவிட்டு, குழாயை உருவிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். காலால் சாக்கைத் தள்ளினாள்.

"சார், நீங்க தேடுற கல்லு இங்கன கெடக்கு."

தலைவருக்கு முகம் இருண்டுவிட்டது. "ஏத்தா, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? ஒக்கார எடம் குடுத்தவனுக்கே குழி வெட்டுறியா?"

அவள் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, அதிகாரி பார்ப்பதற்கு வசதியாகக் கல்லை அழுந்தத் துடைத்தாள். குழியின் விளிம்பு பளிச்சென்று தெரிந்தது. சர்வேயர் குனிந்து பார்த்துவிட்டு, தன் வரைபடத்தில் விரலை வைத்தார்.

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது. "பின்செவுத்துலருந்து இது வரைக்கும் முப்பத்தாறு அடி. பத்திரத்துலயும் முப்பத்தாறு. நான் அளந்துட்டேன். நாப்பதுன்னு நான் போட்ட பிளான் தப்பு" என்றேன். கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னேன். மறுநாள் எழுதியும் கொடுத்தேன்.

அந்த மழைக்காலம் வருவதற்குள் முகப்புகளை இடித்து வடிகால் கட்டிவிட்டார்கள். தெரு இப்போது முப்பத்திரண்டு அடி. லாரியும் ஆட்டோவும் ஒன்றையொன்று திட்டிக்கொள்ளாமல் விலகுகின்றன. என் அறை இரண்டு பக்கத்துக் கடைகளோடு ஒரே வரிசையில் நிற்கிறது. திருப்பூர்க்காரரை விவரமில்லாதவர் என்று நினைத்ததற்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கடைக்காரர்கள் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அப்புறம் இடித்த முகப்பை எடுத்துக் கட்டப் புது வரைபடம் வேண்டுமே, ஒவ்வொருத்தராக வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? யாருக்கும் ஓர் அங்குலம் கூட்டிப் போடவில்லை. பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டுதான் டேப்பை எடுத்தேன்.

அவளுக்குத்தான் இடமில்லை. பம்ப்செட் கடைக்காரர், கடைக்குள்ளே மூச்சுவிட இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். நான் அவர் கடையின் புது வரைபடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஆறுக்கு நாலு ஓர் அறை போட்டு, சண்டை பிடித்து ஒப்புக்கொள்ள வைத்தேன். சாதித்துவிட்ட தோரணையில் அவளிடம் காட்டினேன்.

"அங்கன வெளிச்சம் வராதேக்கா. ஓட்டை எப்படித் தெரியும்?" என்றாள்.

அன்று சாயங்காலமே என் மேசையை அறையின் பின்பக்கம் தள்ளிப்போட்டேன். கம்ப்யூட்டரில் கோடு போடுகிறவளுக்கு ட்யூப்லைட் போதும். முன்பாதி அவளுக்கு. கிழக்கு பார்த்த வாசல், காலை வெயில் நேராக உள்ளே விழும். தரையில் குழி எடுத்துக் குழாயை நட்டுக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் பம்ப்செட் கடைக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, டேங்கோடு வந்து திகைத்து நிற்கிற விவசாயிகளைப் பார்த்தால், "ஸ்பிரேயரெல்லாம் எதுத்த வரிசை, டேப் அக்கா ஆபீஸு!" என்று பஸ்ஸுக்கு ஆள் ஏற்றுகிற மாதிரிக் கூவிக்கொண்டிருந்தார். பழைய தொழிலை மறுபடி பார்க்கிற சந்தோஷம் அவருக்கு. இப்போது அவர் கூவ வேண்டிய தேவை இல்லை. என் அறையில் மருந்து நெடியும் கிரீஸ் வாசமும் நிரந்தரம். என்னைத் தேடி வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒரு காலையில், அவள் நாசிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தபோது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நீ பேசாம இருந்திருந்தா அந்த எடத்துலயே இருந்திருக்கலாம்ல? எதுக்குச் சொன்ன?"

அவள் ஒற்றைக் கண்ணை நாசிலிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க எப்படியும் சொல்லத்தான் போறீக. வாயத் தொறந்துட்டீகளே, பாத்தேன். நீங்க சொல்லி அந்த எடம் போயிருந்தா, சாகுற வரைக்கும் உங்கள நான் மன்னிச்சிருக்க மாட்டேன்க்கா. எனக்கும் இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா? அதான் நானே சொல்லிட்டேன்."

நாசிலில் வெளிச்சம் வந்துவிட்டது போலிருக்கிறது, அதைத் துடைத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அன்றைக்கு வாயைத் திறந்தபோது நான் என்ன சொல்லப் போனேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.